மஸ்டரில் எட்டு மணி

தூங்குகிறவனைப் பிடிப்பதில் என்ன பெரிய சாமர்த்தியம் இருக்கிறது என்று நினைப்பீர்கள். இருக்கிறது ஐயா. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினெட்டு வருஷம் டைம் கீப்பராக இருந்தவன் சொல்கிறேன். தோல் கட்டுகளுக்கு நடுவில் உடம்பைச் சொருகிக்கொண்டு தூங்குகிறவன் இருப்பான். கக்கூஸில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தூங்குகிறவன் இருப்பான். கட்டிங் செக்‌ஷனில் ஒருத்தன், கையில் கத்தியைப் பிடித்தபடி, நின்றுகொண்டே, கண்ணை அரைவாசி திறந்து வைத்துக்கொண்டு தூங்குவான். பக்கத்தில் போய் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நான் கண்டுபிடித்தேன். வேலை நேரத்தில் தூங்கினால் மெமோ, மூன்று மெமோ வந்தால் வீட்டுக்கு. என் கையால் மாட்டியவர்கள் நாற்பத்து மூன்று பேர். சம்பந்தம் வருகிறான் என்றால் செத்தவன்கூட எழுந்து உட்காருவான் என்று கம்பெனியில் சொல்வார்கள். அதைக் கேட்டு மீசையைத் தடவிக்கொண்டு திரிந்தவன் நான்.

நாற்பத்து மூன்றாவது ஆளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

அதற்கு முன்னால் என் மஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலை எட்டு மணிக்குச் சங்கு ஊதும். தொழிலாளிகளுக்குப் பலகையிலிருந்து எடுத்துப் பெட்டியில் போடுகிற டோக்கன், ஆபீஸ்காரர்களுக்கு மஸ்டர் என்கிற வருகைப் பதிவேடு. அவர்கள் கையெழுத்துப் போடுவார்கள், பக்கத்தில் மணியை நான் எழுதுவேன். எட்டு ஐந்துக்கு வந்தால் எட்டு ஐந்து. எட்டுப் பத்தைத் தாண்டினால் சிவப்பு மை. எட்டுக்கு முன்னால் யார் எப்போது வந்தாலும் எட்டு. ஏழரைக்கு வந்தாலும் எட்டு, ஆறுக்கு வந்தாலும் எட்டு. கம்பெனிக்கு லேட் கணக்குதான் வேண்டும், சீக்கிரம் வந்த கணக்கு எதற்கு? எழுதி வைத்தால் நாளைக்கு ஓவர்டைம் கேட்டு நிற்பார்கள். கேட்டுக்கு மேலே இருந்த பெரிய கடிகாரத்தையும் ரேடியோ நேரத்துக்கு ஐந்து நிமிஷம் முன்னால் ஓடும்படி நானே வைத்திருந்தேன். அதைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லை.

1986 டிசம்பரில் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. வெளிநாட்டு பார்ட்டிகளுக்குக் காட்டுவதற்காகவே முதலாளி வாங்கினார் என்று பேசிக்கொண்டார்கள். ஸ்டோருக்குப் பக்கத்தில் ஒரு அறையை ஒழித்து, ஏசி போட்டு, கண்ணாடிக் கதவு வைத்தார்கள். தொழுகை அறையை விட்டால், ஷூ செய்கிற அந்தக் கம்பெனியில் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைகிற ஒரே அறை அதுதான். தூசி பட்டால் அதற்கு ஆகாதாம்.

அதற்கு ப்ரோக்ராம் எழுத வந்தவன் கங்காதரன். குடியாத்தத்துக்காரன், இருபத்து நாலு வயசு, சோடாபுட்டிக் கண்ணாடி. வீட்டில் லுங்கி நெய்கிற பவர்லூம். நாலு தறியில் ஒன்றை அண்ணன் விற்றுத்தான் இவனை மெட்ராஸில் கம்ப்யூட்டர் படிக்க வைத்தார். ஆறு மாசம் ப்ரொபேஷன். அதற்குள் கம்பெனி முழுக்க வருகைப் பதிவைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் காட்டினால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் திரும்பத் தறிதான். இதையெல்லாம் வந்த முதல் நாளே சிரித்துக்கொண்டே என்னிடம் சொல்லிவிட்டான்.

வருகைப் பதிவு என்றால் என்ன? என் மஸ்டர், என் டோக்கன் பலகை. ரிட்டையர் ஆக இரண்டு வருஷம் சொச்சம் இருக்கும்போது ஒரு டப்பா வந்து என் நாற்காலியில் உட்காரப் போகிறதா?

மறுநாள் காலையில், தையல் லைன் பெண்கள் டோக்கன் போட வரிசையில் நிற்கிறார்கள். இவன் வந்து அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "சார், உங்க கடிகாரம் அஞ்சு நிமிஷம் ஃபாஸ்ட்டா ஓடுது" என்றான். பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். எனக்கு முகம் சுண்டிப் போய்விட்டது.

"இந்த கேட்டுக்குள்ள என் டைம்தான் டைம். ஊர் டைமை வெளிய வெச்சிட்டு வா" என்றேன்.

"தப்பா நினைக்காதீங்க சார். கம்ப்யூட்டரை ஆன் பண்ணா முதல்ல தேதியும் மணியும் கேக்கும். எந்த மணியப் போடறதுன்னு கேக்கத்தான் வந்தேன்."

"என் மணியப் போடு."

"சரி சார்" என்று போய்விட்டான். அவன் மனசில் ஒன்றும் இல்லை. என் மனசில்தான் அது முள் மாதிரி நின்றுவிட்டது.

ஒரு வாரம் போயிருக்கும். ராத்திரி வாட்ச்மேன் காசி டூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் எனக்காகக் காத்திருந்தான்.

"சார், அந்தக் கம்ப்யூட்டர் தம்பி விடியறதுக்குள்ள அஞ்சு மணிக்கே வந்து கேட்டைத் தட்டுது. தினமும் ஒரே பேஜார். ரூம் சாவி அதுங்கிட்டயே இருக்குது. இன்னா சார் பண்றது, புக்குல எழுதட்டா?"

"எழுதாத. சங்குக்கு முன்னால வர்றவன் அவன் இஷ்டத்துக்கு வர்றான். கேட்டைத் தொறந்து வுடு, அவ்ளோதான்."

"தினமும் சார்."

"தினமும் எழுதாத."

காசி தலையைச் சொறிந்துகொண்டு போனான். எட்டு மணிக்குக் கங்காதரன் கம்பெனிக்கு உள்ளேயிருந்து நடந்து வந்து என் மஸ்டரில் கையெழுத்துப் போடுவான். கேட்டுப் பக்கமிருந்து வந்து அவனை நான் பார்த்ததே இல்லை. நான் எட்டு என்று எழுதுவேன்.

ஜனவரியில் ஒரு நாள் பத்தரை மணிக்குச் சுற்றி வரும்போது அந்தக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். மேஜை மேல் அடுக்கியிருந்த பிரின்ட் பேப்பர் கட்டில் கன்னத்தை வைத்து, வாயைத் திறந்துகொண்டு, அப்பனே, என்ன தூக்கம்! கண்ணாடி சட்டைப் பையில். கம்ப்யூட்டர் இருட்டாகக் கிடந்தது. அதற்குக் கீழே ஸ்டெபிலைசர் மட்டும் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. கதவைத் தட்டினேன். பதறி எழுந்தான்.

"இன்னா தம்பி, மாமியார் வூடா இது?"

"வோல்டேஜ் கம்மி சார்" என்றான் கண்ணைக் கசக்கிக்கொண்டு. "நம்ம மிஷினுங்க, பக்கத்து டேனரில தோல் பதப்படுத்தற டிரம்மு, எல்லாம் சேர்ந்து ஓடறப்ப இது நிக்க மாட்டேங்குது. நடுவுல டக்குன்னு அணைஞ்சா அதுவரைக்கும் அடிச்சது அவ்ளோவும் போய்டும். அதான் சங்கு ஊதறதுக்குள்ள வந்து மூணு மணி நேரம் அடிச்சிடறேன். அப்புறம் மத்தியானம் சாப்பாட்டுக்கு மிஷின் நிக்கறப்ப. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்கு நிறுத்தறப்ப ரெண்டு மணி நேரம். சாயங்காலம் எல்லாரும் போன அப்புறம் எட்டு எட்டரை வரைக்கும்."

"அதுக்கு நடுவுல தூங்கணுமா?"

"நடுவுல வேற இன்னா சார் பண்றது?"

நியாயமான கேள்விதான். நாட்றம்பள்ளிப் பக்கம் எங்கள் அப்பாவும் கரண்ட் வருகிற நேரத்துக்கு எழுந்து மோட்டார் போட்டு, கரண்ட் இல்லாத பகலில் கிணற்று மேட்டில் துண்டை விரித்துத் தூங்கியவர். அவரை யாரும் சோம்பேறி என்று சொன்னதில்லை. இது எனக்கு அன்றைக்கே, அந்த வாசலில் நிற்கும்போதே ஞாபகம் வந்தது. வந்தும் ஒன்றும் பிரயோசனம் இல்லை. "தூங்கறது தூங்கறதுதான். இனிமே பார்த்தா எழுதிடுவேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆனால் எழுதவில்லை. இரண்டு மாசம் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். இரக்கம் என்று நினைக்காதீர்கள். தூங்கட்டும், ப்ரோக்ராம் முடியாமல் போகட்டும், டப்பாவும் போகும், என் மஸ்டர் தப்பிக்கும் என்று ஒரு அற்ப ஆசை.

மார்ச் கடைசியில் தையல் லைனில் சவுரியம்மாளைப் பிடித்தேன். மாதனூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவள், கைக்குழந்தைக்காரி. மத்தியானம் மூன்று மணிக்கு மிஷின் மேல் தலை கவிழ்ந்துவிட்டது. நான் மெமோவை நீட்டினதும் அவள் அழவில்லை, கெஞ்சவில்லை. எழுந்து நின்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஏன் சார், ஏசி ரூம்ல ஒருத்தரு தெனம் தலைய சாய்ச்சிக்கினு தூங்கறாரே, அவருக்கு மெமோ கிடையாதா? புள்ள ராத்திரி பூரா தூங்க வுடல. நான் கண்ண மூடினது ஒரு நிமிஷம். சட்டை போட்டவங்களுக்கு ஒரு சட்டம், எங்களுக்கு ஒரு சட்டமா?"

லைன் முழுக்க மிஷின் நின்றுவிட்டது. அத்தனை பெண்களும் என்னையே பார்த்தார்கள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பதினாறு வருஷத்தில் யாரும் என்னைப் பார்த்து ஆளுக்கொரு நியாயம் வைத்திருக்கிறாய் என்று கேட்டதில்லை. நேரே போய் உட்கார்ந்து, கங்காதரன் பெயருக்கு ரிப்போர்ட் எழுதினேன். எந்தெந்தத் தேதியில் எத்தனை மணிக்குத் தூங்கினான் என்று பதினோரு தேதி எழுதினேன். ஆமாம், எழுதாமலே விட்டேன் என்றேனே, தேதியை மட்டும் என் டைரியில் குறித்து வைத்திருந்தேன். நான் அந்த ரகம்.

மெமோவோடு முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். இல்லை, பொய் சொல்கிறேன். ப்ரொபேஷனில் இருக்கிறவனுக்கு மூன்று மெமோ எல்லாம் தேவையில்லை, ஒரு ரிப்போர்ட் போதும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

மேனேஜர் முக்தார் அகமது விசாரணைக்குக் கூப்பிட்டார். கெட்ட மனுஷர் இல்லை. ஐந்து வேளையும் தொழுகிறவர், யாரையும் உரக்க ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். மேஜைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் கங்காதரன், ஓரத்தில் மஸ்டரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நான்.

"தூங்கினியா?"

"தூங்கினேன் சாப். மிஷின் ஓடற நேரத்துல கம்ப்யூட்டர் நிக்காது. அதனால காலைல அஞ்சு மணிக்கே வந்து வேலை பண்றேன். ப்ரோக்ராம் முக்காவாசி முடிஞ்சிடுச்சி. இன்னும் ரெண்டு வாரம் குடுங்க."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "சம்பந்தம், இவன் அஞ்சு மணிக்கு வர்றேன்றான். உன் மஸ்டர்ல இன்னா இருக்குது?"

"எட்டு மணி சாப்."

"எல்லா நாளுமா?"

நான் பக்கங்களைப் புரட்டினேன். புரட்ட வேண்டிய அவசியமே இல்லை. "எல்லா நாளும் எட்டு மணிதான் சாப்."

கங்காதரன் என்னைப் பார்த்தான். கோபம் இல்லை. இன்னும் ஏதோ சொல்லப் போகிறேன் என்று காத்திருக்கிற முகம். எனக்குச் சொல்ல இருந்தது ஒரே ஒரு வாக்கியம். எட்டுக்கு முன்னால் யார் வந்தாலும் நான் எட்டுதான் எழுதுவேன் சாப், காசியைக் கேட்டுப் பாருங்கள். அவ்வளவுதான். காசி ராத்திரி டூட்டி முடித்து வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான், அவனைக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை. நான் மஸ்டரை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். பொய் சொல்லவில்லை ஐயா, மஸ்டரில் இருந்ததைத்தான் சொன்னேன். அந்தச் சமாதானத்தை அன்றைக்கு வீடு போகிற வரைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன்.

ஏப்ரல் பதினொன்றாம் தேதி, சனிக்கிழமை, நாலு மணிக்கு அவனிடம் லெட்டர் கொடுத்தார்கள். வேலை நேரத்தில் தொடர்ந்து தூங்கியதாலும், நேரத்தைப் பற்றித் தவறான தகவல் தந்ததாலும் வேலையிலிருந்து நீக்கப்படுகிறார் என்று இருந்தது. சாமானை எடுத்துக்கொண்டு வெளியே போகிற வரைக்கும் பக்கத்தில் நிற்பது என் வேலை.

"சார், சங்கு ஊதினதும் அரை மணி நேரம் குடுங்க. ஒரு சின்ன வேலை பாக்கி இருக்குது" என்றான்.

"வேலையே இல்லேன்னு ஆச்சு, அப்புறம் இன்னா பாக்கி?"

"அரை மணி சார்."

சரி, அழுவதற்கு நேரம் கேட்கிறான் என்று நினைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றேன். நாலரைக்குச் சங்கு ஊதியது, மிஷின்கள் நின்றன. அவன் கம்ப்யூட்டரைப் போட்டான். ஜன்னல் வழியாக என் கேட் கடிகாரத்தை எட்டிப் பார்த்துவிட்டு எதையோ தட்டினான். அப்புறம் தலையைத் தூக்கவே இல்லை. "ஆச்சா, ஆச்சா" என்று நான் இரண்டு தடவை கதவைத் தட்டினேன். முடித்துவிட்டு, டிபன் பாக்ஸையும் செருப்பையும் எடுத்துக்கொண்டு வந்தான். கேட் புத்தகத்தில் ஐந்து மணி ஐந்து நிமிஷத்துக்கு வெளியே போனதாக எழுதினேன். "வர்றேன் சார்" என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

திங்கட்கிழமை டோக்கன் போட வந்த சவுரியம்மாளிடம், "போதுமா? இப்ப எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்" என்றேன், பெரிய நீதிபதி மாதிரி.

அவள் கையிலிருந்த டோக்கன் அப்படியே நின்றது. "ஐயோ சார், அவர வேலைய வுட்டுத் தூக்கச் சொல்லி நான் கேக்கலியே. அவர மாதிரி என்னையும் ஒரு பத்து நிமிஷம் வுடுங்கன்னுதானே கேட்டேன்."

டோக்கனைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போய்விட்டாள். அன்றைக்குப் பிறகு நான் யாருக்கும் மெமோ எழுதவில்லை. அதை ஒரு புண்ணியமாகச் சொல்லவில்லை. கை வரவில்லை.

ஜூலையில் மெட்ராஸிலிருந்து ஜியாவுல்லா என்று ஒரு ஆள் வந்தார். கம்ப்யூட்டரில் பாதியில் நிற்கிற வேலையை முடித்துத் தருவதாகப் பேச்சு. அதற்குள் அந்த அறைக்குத் தனி லைன் இழுத்துவிட்டார்கள். வோல்டேஜ் தொல்லை போய்விட்டது. எவ்வளவு சுலபம் பாருங்கள், ஒரு எலக்ட்ரீஷியன் இரண்டு நாளில் செய்தான்.

ஜியாவுல்லா வந்த அன்று மத்தியானமே என்னைக் கூப்பிட்டனுப்பினார். "சார், இதுல பாதி ஒண்ணும் பாக்கி இல்லியே. ப்ரோக்ராம் முழுசா முடிஞ்சிருக்குது. ஒரு குறையும் இல்ல. உங்க ஆளுங்க பேரை ஏத்த வேண்டியதுதான் பாக்கி. யாரு சார் இத எழுதினது?"

"ஒரு பையன் இருந்தான். போய்ட்டான்."

"பயந்த பார்ட்டி போல இருக்குது. கரண்ட் போய்டும்னு தினமும் ரெண்டு மூணு காப்பி எடுத்து வெச்சிருக்கான், பாருங்க." பிரின்டர் கர்ர் கர்ர் என்று இழுத்து ஒரு நீளமான பேப்பரைத் தள்ளியது. அதில் வரிசையாக ஒவ்வொரு காப்பியின் பெயர், பக்கத்தில் தேதி, அதற்குப் பக்கத்தில் மணி.

"மணி எப்படி வந்தது?"

"ஒவ்வொரு காப்பியும் எத்தினி மணிக்கு எடுத்ததுன்னு அதுவே போட்டுக்கும் சார். ஆனா மிஷினை ஆன் பண்றப்ப நாம சரியான மணியக் குடுக்கணும். முக்காவாசிப் பேர் அதக்கூட பண்ண மாட்டாங்க, சும்மா பட்டனைத் தட்டிட்டுப் போய்டுவாங்க. இந்த ஆள் ஒரு நாள்கூட வுடல."

பேப்பரை என் மேஜைக்கு எடுத்து வந்து மஸ்டருக்குப் பக்கத்தில் விரித்தேன். வாழ்நாள் முழுக்க நான் படித்ததெல்லாம் தேதியும் மணியும்தான், எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஜனவரி பன்னிரண்டு, காலை 5.40. மத்தியானம் 12.55. இரவு 8.20. மஸ்டரில் எட்டு மணி. பிப்ரவரி பதின்மூன்று, வெள்ளிக்கிழமை, காலை 5.35, ஜும்மா நேரத்தில் 2.15. மஸ்டரில் எட்டு மணி. பொங்கலுக்குக் கம்பெனி மூன்று நாள் லீவு. அதில் இரண்டு நாள் அவன் வந்திருக்கிறான். மஸ்டரில் கோடு. விரலை வைத்துக் கீழே கீழே இறங்கிக்கொண்டே போனேன். சில நாள் பதினாலு மணி நேரம் வந்தது. நடுவில் அவன் தூங்கிய ஒரு மணி நேரத்துக்கு என் டைரியில் பதினோரு சாட்சி இருந்தது. இந்தப் பதினாலு மணி நேரத்துக்கு அவனிடம் ஒரு சாட்சியும் இல்லை, நான் ஒருத்தனைத் தவிர.

கடைசி வரி ஏப்ரல் பதினொன்று, மாலை 5.02. மூன்று நிமிஷம் கழித்து அவன் கேட்டைத் தாண்டியதை என் கையாலேயே எழுதியிருக்கிறேன். லெட்டரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து அந்த ப்ரோக்ராமை முடித்திருக்கிறான். அதுவும் ரேடியோ நேரத்தில் இல்லை, என்னுடைய ஐந்து நிமிஷம் ஃபாஸ்ட் நேரத்தில். நான் சொன்ன மணியைப் போட்டிருக்கிறான், பாவி. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குமாஸ்தா பையன்கள் பார்க்கக் கூடாதே என்று கீழே குனிந்து டிராயரைத் தேடுகிற மாதிரி நடித்தேன்.

பேப்பரை எடுத்துக்கொண்டு போய் மேனேஜரிடம் கொடுத்தேன். முக்தார் அகமது முழுதும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"நான் அன்னிக்கு உன்னைக் கேட்டேனே சம்பந்தம்."

"கேட்டீங்க சாப்."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும் சாப்."

பேப்பரை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். அப்புறம் மெதுவாகத்தான் சொன்னார். "அவன திரும்ப எடுத்துக்கலாம். ஆள் தேவைதான். ஆனா லெட்டர்ல முதலாளி கையெழுத்து இருக்குது. அவர் முன்னால நீ வந்து நிக்கணும். தெரிஞ்சே மறைச்சேன்னு உன் வாயால சொல்லணும். அதுக்கு மேல உன் வேலைக்கு நான் பொறுப்பில்ல. முதல்ல போய் அந்தப் பையன் வர்றானான்னு கேட்டுட்டு வா."

ஞாயிற்றுக்கிழமை குடியாத்தத்துக்கு பஸ் ஏறினேன். தறிக்காரர் தெருவில் விசாரித்துப் போய்ச் சேரும்போது மத்தியானம் ஒரு மணி. தெருவே சத்தமில்லாமல் கிடந்தது. கங்காதரன் அண்ணன் துரைசாமி வாசலுக்கு வந்தார். கம்பெனியிலிருந்து வருகிறேன் என்றதும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள், அதை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

"உள்ள வாங்க சார். கரண்ட் இல்ல, ரெண்டு மணிக்குத்தான் வரும். தம்பி தூங்கறான், எழுப்பட்டா?"

இரண்டு தறிக்கு நடுவில், சிமெண்டுத் தரையில் பாயைப் போட்டு, கையை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். கண்ணாடி சட்டைப் பையில். அதே திறந்த வாய்.

"வேணாம். தூங்கட்டும்" என்றேன்.

ஒரு ஸ்டூலைப் போட்டார்கள். ஒரு மணி நேரம் அவன் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொல்ல வேண்டியதை மனசுக்குள் இருபது தடவை சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் வாக்கியம் சரியாகத்தான் வந்தது.

சரியாக இரண்டு மணிக்கு, தலைக்கு மேலே இருந்த பல்பு எரிந்தது. யாரும் எழுப்பவில்லை, அவனாகவே எழுந்து உட்கார்ந்தான். என்னைப் பார்த்ததும் அவசரமாக லுங்கியைச் சரிசெய்துகொண்டு நின்றான்.

"சார்! நீங்களா? எப்ப வந்தீங்க? ஏன்ணா, என்னை எழுப்பக் கூடாதா?" அடுத்த மூச்சிலேயே, "ப்ரோக்ராம் ஓடுதா சார்?" என்றான்.

"ஓடுதுப்பா."

"வாரலீவுக் கணக்கு சரியா வருதா? அது ஒண்ணுதான் கடைசி வரைக்கும் இடிச்சிக்கினே இருந்தது."

"ரொம்பச் சரியா வருதாம். மெட்ராஸ்காரரே சொன்னாரு."

அவன் சிரித்த சிரிப்பைக் கண்டால் என் ரிப்போர்ட்டுக்கு நன்றி சொல்கிறானோ என்று இருந்தது. "ஒரு நிமிஷம் சார், கரண்ட் நாலு மணி வரைக்கும்தான் இருக்கும்" என்று சொல்லித் தறியைப் போட்டான். துரைசாமி அடுத்ததைப் போட்டார். பக்கத்து வீடு, எதிர் வீடு, தெரு முழுக்க ஒன்றன்பின் ஒன்றாகத் தறிகள் அடிக்க ஆரம்பித்தன. தரையே அதிர்ந்தது.

நான் எழுந்து அவன் பக்கத்தில் போய் நின்றேன். அவன் கண் நூலில் இருந்தது. சொல்லிவிட்டேன். "தம்பி, நீ அஞ்சு மணிக்கு வர்றது எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொல்லாம வுட்டேன். நீ வந்தா உன் வேலை இருக்குது, நான் முதலாளிகிட்ட வந்து சொல்றேன்." முழுசாகச் சொன்னேன், ஒரு வார்த்தை விடாமல்.

அவன் தலையைத் திருப்பி, காதில் கையை வைத்துக்கொண்டு கத்தினான். "இன்னா சார்? ஒண்ணும் கேக்கல!"

தறியை நிறுத்தச் சொல்லியிருக்கலாம். வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். பையிலிருந்த பேப்பரை எடுத்து நீட்டியிருந்தாலே போதும், அவனுக்குப் புரிந்திருக்கும். முதலாளி ரூம், என் பதினாறு வருஷம், இன்னும் இருக்கிற இரண்டு வருஷம், எல்லாம் ஒரு நொடியில் கண்ணுக்கு முன்னால் வந்து போனது.

"ஒண்ணும் இல்லப்பா. வர்றேன்னு சொன்னேன்" என்று நானும் கத்தினேன்.

"சரி சார். பத்திரமா போங்க!"

அன்று ராத்திரி பொட்டுத் தூக்கமில்லை. விடியும்போது கண் அசந்து, எழுந்து ஓடி, கம்பெனிக்குப் போய்ச் சேரும்போது மணி எட்டு இருபது. பதினாறு வருஷத்தில் முதல் தடவை. டைம் ஆபீஸ் வாசலில் மேனேஜர் நின்றுகொண்டிருந்தார்.

"போனியா?"

"போனேன் சாப்."

"இன்னா சொன்னான்?"

"வரலியாம் சாப். தறியே போதும்னுட்டான்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, அவன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் நாற்காலியில் உட்கார்ந்து மஸ்டரைப் பிரித்தேன். என் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் எட்டு மணி என்று எழுதினேன்.